அத்தியாயம் 7: நெற்றிக்கண் நெருப்பும் சுவிஸ் மலையும்

காமன் கூத்தை ஃபோனில் எடுத்து வைத்திருக்கும் எந்தத் தேயிலைத் தோட்டத்துப் பையனைக் கேட்டாலும் ஆசை ஒன்றுதான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கும் இடத்தில் நெருப்புப் பாய வேண்டும். நியாயமான ஆசை, கதையே அதைக் கேட்கிறது. மாசி மாதம் காமன் நட்டு, தப்படித்து, ரதியும் மன்மதனும் ஆடி, தூதனும் வீரபத்திரனும் வந்துபோய், தகனத்தில் முடியும் கூத்தில் அந்த ஒரு கணம்தான் உச்சம். திடலில் நின்று பார்ப்பவருக்குத் தப்பின் வேகமும் நடுச்சாமமும் கூட்டத்தின் கூச்சலும் சேர்ந்து நெருப்பைக் காட்டிவிடும். குவைத்திலோ கோத்தகிரியிலோ இருந்து உள்ளங்கை அளவுத் திரையில் பார்க்கும் சொந்தக்காரருக்கு அது கிட்டாது. அங்கே எடிட்டிங் கைகொடுக்கலாம்.

அதே பையன் அக்காவின் கல்யாண வீடியோவில் தாலி கட்டுவதிலிருந்து பந்தி முடியும்வரை ரோஜா இதழைக் கொட்டவிட்டு, மணப்பெண்ணின் முகத்தையே தேட வைத்துவிடுவான். கருவி ஒன்றுதான், பயன்படுத்திய காரணம் வேறு. மேலே எதைப் போட்டாலும் அதற்கு அங்கே ஒரு வேலை இருக்க வேண்டும், கீழே இருக்கும் படத்தின் வெளிச்சத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்வதெல்லாம் இந்த இரண்டிலிருந்து வருவதுதான்.

ஆப் எது என்பது பெரிய கேள்வி இல்லை. ஃபோனில் கைன்மாஸ்டர், கேப்கட், வி.என். மூன்றிலும் லேயர் போடலாம், பச்சைத் திரையை நீக்கலாம், கீஃபிரேம் வைக்கலாம். இலவசமாக எடுத்தால் கைன்மாஸ்டர் தன் முத்திரையைப் பதிக்கும். கேப்கட்டில் நேற்றுவரை சும்மா கிடைத்த வசதி இன்று காசு கேட்கலாம். கணினி இருந்தால் ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் முழு இலவசம், முத்திரை கிடையாது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இவற்றைவிடப் பலமடங்கு வலியது, ஆனால் பழைய மடிக்கணினியில் மூச்சுத் திணறும். பொத்தான்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் எந்தப் பொத்தான் எங்கே என்று இங்கே சொல்லப்போவதில்லை.

மேலடுக்கு எப்படிக் கண்ணாடியாகிறது

ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை வைத்தால் கீழே இருப்பது மறையும். மறையாமல் இருக்க, மேலே உள்ளதில் தேவையில்லாத பகுதி கண்ணாடிபோல ஆக வேண்டும். இதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. இணையத்தில் கிடைக்கும் எஃபெக்ட் கிளிப்புகள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுக்காகச் செய்யப்பட்டவைதான்.

முதல் வழி, கோப்புக்குள்ளேயே கண்ணாடித்தன்மை பதிந்திருப்பது. இதை ஆல்ஃபா என்பார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் போக, 'எவ்வளவு தெரிய வேண்டும்' என்று நான்காவதாக ஓர் எண் இருக்கும். இந்த எண்ணைக் கொண்டு படங்களை அடுக்கும் கணக்கை லூகாஸ்ஃபிலிமில் வேலை செய்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் ஒரு கட்டுரையில் ஒழுங்குபடுத்தினார்கள். இன்று உங்கள் ஃபோன் ஒரு ஸ்டிக்கரை ஒட்டும்போது செய்வதும் அதே கணக்குதான். பிஎன்ஜி படம், வெப்எம் வீடியோ, புரோரெஸ் 4444 ஆகியவை ஆல்ஃபாவைத் தாங்கும். நாம் அன்றாடம் கையாளும் எச்.264 எம்பி4 தாங்காது. ஆகவே 'டிரான்ஸ்பரன்ட்' என்று பெயர் போட்டு எம்பி4 ஒன்று இறங்கினால் அதில் கறுப்போ பச்சையோ பின்னால் நிற்கும், ஆச்சரியப்பட வேண்டாம். பிஎன்ஜியிலும் ஒரு ஏமாற்று உண்டு. சாம்பலும் வெள்ளையுமாகச் சதுரக்கட்டம் தெரிந்தால் கண்ணாடி என்று நினைத்து இறக்குவோம். சிலவற்றில் அந்தச் சதுரக்கட்டமே படமாக அச்சாகியிருக்கும். லேயராக வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது, கறுப்புப் பின்னணியில் எடுத்த கிளிப்பை 'ஸ்கிரீன்' என்ற கலப்பு முறையில் வைப்பது. தீப்பொறி, வாணவேடிக்கை, ஒளிவட்டம், மழை, புகை எல்லாம் இந்த வகை. மூன்றாவது, பச்சை அல்லது நீலப் பின்னணியில் எடுத்து அந்த நிறத்தை மட்டும் நீக்குவது. குரோமா கீ என்பது இதுதான். பூ, விளக்கு, ஆள் போன்ற கனமான பொருள்களுக்கு ஆல்ஃபாவோ குரோமா கீயோதான் சரிப்படும். செம்பருத்தியை ஸ்கிரீனில் வைத்தால் அதன் கரும்பச்சை இலைகள் பாதி கரைந்து பேய்ப்பூவாகிவிடும்.

வட்டவளையின் வெள்ளைப் பகல்

ஸ்கிரீன் முறையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் எடுக்கும் வீடியோக்கள் சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணாக வையுங்கள். 0 முழு இருட்டு, 255 முழு வெள்ளை. ஸ்கிரீன் செய்வது இவ்வளவுதான்: இரண்டு படத்திலும் 255க்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அந்த இரண்டு குறைகளையும் பெருக்கி, 255ஆல் வகுத்து, வந்ததை 255இலிருந்து கழிக்கும். மேலே கறுப்பு, அதாவது 0 இருந்தால் கீழே உள்ள எண் மாறாது. கறுப்பு மறைந்துபோகும் ரகசியம் அதுதான்.

இப்போது 100 அளவு வெளிச்சமுள்ள மழைத்துளியின் கோடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே தேயிலைச் செடியின் இருட்டு, 40 என்று வையுங்கள். கணக்குப் போட்டால் 124 வரும். கோடு பளிச்சென்று தெரியும். அதே கோடு மூடுபனி வானத்தில் விழுகிறது, அங்கே ஏற்கெனவே 235. விடை 243. எட்டே எட்டுப் புள்ளி வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் கினிகத்தேனை – வட்டவளைப் பகுதி ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை வாங்குகிற இடம், இலங்கையிலேயே அதிகம் நனையும் இடங்களில் ஒன்று. மே மாதத்திலிருந்து செப்டெம்பர்வரை வானம் வெள்ளைத் துணி விரித்ததுபோலத்தான் கிடக்கும். அந்தப் பகலில் எடுத்த தேர்த்திருவிழாவின் மேல் பொன்மழை எஃபெக்டை வைத்தால் கீழ்ப்பாதியில் மட்டும் பொன் தெரியும், மேல்பாதியில் ஒன்றுமிருக்காது. ஆப் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து இன்னொன்றை இறக்குவார்கள். அதிலும் அதே கதை.

வெள்ளைப் பகலுக்குப் பொருந்துவது 'மல்டிப்ளை'. இது ஸ்கிரீனுக்கு நேர்மாறு, வெள்ளையை மறைத்து இருளை வைக்கும். பறவைக் கூட்டம், இலை நிழல், மையில் வரைந்த கோலம், பழைய ஃபிலிமின் கீறல் போன்ற கருமையான உருவங்களை வெள்ளைப் பின்னணியில் எடுத்து இந்த முறையில் வைத்தால் மூடுபனியில் அழகாக உட்காரும். பகலில் மல்டிப்ளை, இரவில் ஸ்கிரீன் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். பகல் படத்தில் ஒளி எஃபெக்ட் வேண்டியே ஆக வேண்டுமென்றால் முதலில் கீழே உள்ள படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், மாலை நேரம்போல. பிறகு மேலே வையுங்கள்.

ஸ்கிரீனில் இன்னொரு தொல்லை: கிளிப்பின் கறுப்பு உண்மையான கறுப்பாக இல்லாமல் இருப்பது. வைத்தவுடன் படத்தின் மேல் மங்கலாக ஒரு சாம்பல் சதுரம் தெரியும், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். அந்த லேயரை மட்டும் தேர்ந்தெடுத்து, கொன்ட்ராஸ்டைக் கூட்டி, நிழல் பகுதியை இறக்கிக்கொண்டே வாருங்கள். சதுரத்தின் ஓரம் காணாமல் போகும் புள்ளியில் நிறுத்துங்கள். அதற்கு மேலே போனால் புகையின் மென்மையும் சேர்ந்து போய்விடும்.

வாங்காமல் எடுப்பது

பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே போன்ற தளங்களில் இலவசக் கிளிப்புகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அங்கே கிடைக்கும் நெருப்பு விறகடுப்பின் நெருப்பு, மழை வேறெங்கோ பெய்த மழை. நமக்கு வேண்டியவற்றை நாமே எடுத்துவிடலாம். காப்புரிமைத் தொந்தரவும் இல்லை, டேட்டாவும் மிச்சம்.

சூடம் நாலு துண்டு, ஒரு பழைய பித்தளைத் தட்டு, பின்னால் கறுப்புப் போர்வை. விளக்கை அணைத்துவிட்டு, ஃபோனை ஏதாவதொன்றில் சாய்த்து நிறுத்தி, சுடரைத் திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். பிறகு வெளிச்சத்தை இறக்குங்கள், சுடரின் நடுவில் மஞ்சள் நிறம் தெரியும்வரை. இறக்காவிட்டால் சுடர் வெறும் வெள்ளைக் கட்டியாகப் பதியும், பிற்பாடு எந்த வித்தை செய்தாலும் அதற்குள் நெருப்பைக் கொண்டுவர முடியாது. போர்வை தட்டுக்கு இரண்டு முழமாவது பின்னால் இருக்கட்டும். இதை லயத்து இஸ்தோப்பிலோ (திண்ணையிலோ) காம்பிராவுக்குள்ளோ (அறைக்குள்ளோ) செய்யவே வேண்டாம். லயங்கள் எரிந்த செய்தி நமக்குப் புதிதல்ல. வெளியே, ஈரத் தரையில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு செய்யுங்கள்.

மழைக்குத் தகரக்கூரையின் ஓரம் போதும். இரவில், கூரையிலிருந்து வடியும் நீருக்குப் பக்கவாட்டில் டோர்ச்சைப் பிடித்தால் பின்னணி கறுப்பாகவும் துளிகள் வெள்ளிக் கம்பியாகவும் பதியும். டோர்ச்சை நேரே பிடித்தால் பின்னால் உள்ள சுவரும் சேர்ந்து வெளுக்கும். கேத்தலின் ஆவியை அதேபோலப் பக்க வெளிச்சத்தில் எடுத்து வைத்தால் அதுவே சாம்பிராணிப் புகை, அதுவே மூடுபனி. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அளவைப் பெரிதாக்கினால் மலையில் ஏறும் பனிபோலவே நகரும்.

நெற்றிக்கண்

இனி அந்த நெருப்புக்கு வருவோம். கூத்து இரவில் நடப்பதால் ஸ்கிரீனுக்கு இதைவிட நல்ல களம் கிடையாது.

எடுக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்புகளும் நொடிக்கு நூறு தரம் கூடிக் குறைகின்றன. கமராவின் ஷட்டர் இதோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் மெல்ல ஏறி இறங்கும். அப்படித் தெரிந்தால் புரோ பகுதிக்குள் போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். பட்டை விழுந்த படத்தின் மேல் எவ்வளவு நல்ல நெருப்பை வைத்தாலும் கண் பட்டையைத்தான் பார்க்கும்.

சிவன் வேஷக்காரர் ஆடிக்கொண்டே இருப்பார். நெற்றி எங்கே போகிறதோ அங்கே நெருப்பும் போக வேண்டும். இதற்குத்தான் கீஃபிரேம். காலக்கோட்டில் ஓர் இடத்தில் நின்று, நெருப்பை நெற்றியில் பொருத்தி ஒரு குறி வைப்பீர்கள். ஐந்தாறு ஃபிரேம் நகர்ந்து, நெற்றி போன இடத்துக்கு நெருப்பை இழுத்து அடுத்த குறி. இடையில் உள்ள தூரத்தை ஆப் தானாக நிரப்பிக்கொள்ளும். தலை திடீரென்று திரும்பும் இடத்தில் மட்டும் ஃபிரேமுக்கு ஒன்றாக வையுங்கள். இதைவிடச் சுலபமான வழி, ஒத்திகை நாளிலேயே வேஷக்காரரிடம் பேசிவைப்பது: "மாமா, கண்ணைத் தொறக்குற எடத்துல ரெண்டு செக்கன் அசையாம நில்லுங்க." பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அந்த இரண்டு நொடி ஒரு மணிநேர வேலையைக் குறைக்கும்.

ஒரே ஒரு நெருப்புக் கிளிப்பை நெற்றியில் ஒட்டினால் ஒட்டினதுபோலத்தான் இருக்கும். மூன்றாகப் பிரியுங்கள். அடியில், நெற்றி நடுவே மென்மையான ஆரஞ்சு ஒளிவட்டம், கால் நொடியில் பூச்சியத்திலிருந்து முழு அளவுக்கு வளரட்டும். அதன் மேல் சூடத்தின் சுடர், மன்மதன் நிற்கும் பக்கம் சாய்த்து, நீளவாட்டில் இழுத்து. மூன்றாவதுதான் முக்கியம், பலரும் விட்டுவிடுவது. நெருப்பு எரிந்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சிவக்க வேண்டும். ஓர் ஆரஞ்சு நிறப் பட்டையை லேயராக எடுத்து, ஓரங்களை மழுக்கி, வேஷக்காரரின் கன்னம், தோள், முன்னால் உள்ள தரை மேல் படும்படி வையுங்கள். இதையும் ஸ்கிரீனில்தான் வைக்க வேண்டும். அது தெரியும் அளவு நூற்றுக்குப் பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடையில் நடுங்கிக்கொண்டிருக்கட்டும், கீஃபிரேம் வைத்து. இந்த நடுக்கம் இருந்தால் சுடர் சுமாராக இருந்தாலும் பார்ப்பவர் நம்புவார்.

நேரத்தைத் தப்பு சொல்லும். ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓங்கி விழுந்த அடி ஒவ்வொன்றும் முள்போல நிற்கும். அந்த முள்ளில் நெருப்பைத் தொடங்குங்கள். ஒன்றரை நொடி போதும். அதற்கு மேல் நீட்டினால் பெரியவர்கள் சும்மா விடமாட்டார்கள்:

"தம்பி, நெருப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேஷங்கட்டுனவன் யாருன்னே தெரியலியேப்பா."

"சரிங்க தாத்தா, கொறைச்சிடுறேன்."

குறைத்துவிடுங்கள். அவர் சொல்வதில் தொழில் நுட்பமும் இருக்கிறது. 1957இல் வந்த 'மாயா பஜார்' படத்தில் கடோத்கஜனாக வரும் எஸ்.வி. ரங்காராவ் உட்கார்ந்து சாப்பிடும் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போகும் தந்திரம் எளிமையானதுதான். அதை நம்ப வைப்பது ரங்காராவின் கண்ணும் வாயும். நெற்றிக்கண் நெருப்பிலும் அதேபோல எதிரே நிற்கும் மன்மதன் துடிப்பதுதான் பாதி எஃபெக்ட். அவர் துடிப்பதை நெருப்பு மறைத்துவிடக் கூடாது.

தகனத்தின்போது காமன் நிஜமாகவே எரியும். அந்த நெருப்பின் மேல் எதையும் வைக்காதீர்கள்.

பின்னணியை மாற்றுவது

ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்கள் கமராவோடு பார்க்க வரும் மலையில் இருந்துகொண்டு, கல்யாண வீடியோவின் பின்னால் சுவிட்சர்லாந்து மலையை வைக்கச் சொல்வது நம்மவர் வழக்கம். கேட்பது மாப்பிள்ளை வீடென்றால் வைத்துத்தான் ஆக வேண்டும். எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு நிறத்தை நீக்கி இன்னொரு இடத்தைப் புகுத்தும் வித்தை சினிமாவில் பழையது. 1940இல் வந்த 'தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்துக்காக லாரி பட்லர் நீலத்திரையைக் கையாண்டார். மனிதத் தோலில் நீலம் குறைவு என்பதால் நீலம். டிஜிட்டல் காலத்தில் பச்சைக்கு மாறினார்கள், கமரா சென்சாரில் பச்சையை வாங்கும் புள்ளிகள் சிவப்பு, நீலத்தைப்போல இரண்டு மடங்கு இருப்பதால் பச்சை சுத்தமாகப் பதியும். எல்லா வழிகாட்டிகளும் பச்சைத் துணி வாங்கச் சொல்வது அதனால்தான்.

தோட்டத்தில் பச்சை தோதுப்படாது. கல்யாணப் பட்டில் பச்சைக் கரை, வெற்றிலைத் தட்டு, வாழை, மாவிலைத் தோரணம், எட்டிப் பார்க்கும் தேயிலை என்று எல்லாம் பச்சை. பச்சையை நீக்கினால் மணப்பெண்ணின் கரையோடு வெற்றிலையும் ஓட்டையாகும். அடர்நீலப் பருத்தித் துணி எடுங்கள். வீட்டில் நீலத் தரப்பாள் இருக்கிறதே என்று அதைக் கட்டாதீர்கள். பிளாஸ்டிக் மினுமினுக்கும், மினுமினுத்த இடத்தில் நீலம் வெள்ளையாகப் பதியும், ஆப் அதை நீக்காது. துணியும் நனையக் கூடாது. ஈரம் பட்ட திட்டு கருநீலமாகிவிடும். ஆப் இரண்டு நீலத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும்.

வெளிச்சத்தில் வட்டவளைக்காரருக்கு ஒரு வரம் இருக்கிறது. குரோமா கீக்கு வேண்டியது நிழலே விழாத சமமான வெளிச்சம். ஸ்டூடியோக்காரர் அதற்காகப் பெரிய வெள்ளைக் குடைகளை வாங்குகிறார். நமக்கு மூடுபனிப் பகலே அந்த வேலையைச் செய்யும். கோயில் மண்டபத்தின் ஓரத்திலோ ஸ்கூல் வராந்தாவிலோ, மழை படாத இடத்தில் துணியைச் சுருக்கமில்லாமல் கட்டி, ஆளைத் துணிக்கு ஆறடி முன்னால் நிறுத்துங்கள். நெருங்கி நின்றால் துணியின் நீலம் தோளிலும் கழுத்திலும் படியும். வெள்ளை வேட்டியில் அது நன்றாகவே தெரியும். முடிந்தால் 4கே அளவில் எடுத்து 1080இல் முடியுங்கள். ஃபோன் வீடியோக்கள் நிறத்தை வெளிச்சத்தின் கால்பங்கு நுணுக்கத்தில்தான் சேமிக்கின்றன. நீக்குவதோ நிறத்தை வைத்து. அதனால்தான் முடியின் ஓரம் கரண்டினதுபோல வருகிறது. பெரிதாக எடுத்துச் சுருக்கினால் அந்தக் கரண்டல் பெருமளவு அடங்கும்.

துணியே இல்லாமல் ஆளை வெட்டியெடுக்கும் செயற்கை நுண்ணறிவு வசதி இப்போது பல ஆப்களிலும் வந்துவிட்டது. தனியாக ஒருவர், பின்னால் வெறும் சுவர் என்றால் நன்றாகவே செய்கிறது. மல்லிகைச் சரம், நெற்றிச்சுட்டி, காவடியின் மயிலிறகு என்று வந்தால் திணறும். ஒரு ஃபிரேமில் சரம் இருக்கும், அடுத்ததில் பாதி காணாமல் போகும், ஓரமெல்லாம் கொதிக்கும். அப்படியானால் பின்னணியை மாற்றுவதை விட்டுவிட்டு மங்கலாக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பின்னால் காயும் துணியும் தண்ணீர்ப் பீப்பாயும் கரைந்துபோகும். ஓரத்தில் பிசகினாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

புகுத்தும் மலை எதுவானாலும், ஃபோன் ஸ்டாண்டில் அசையாமல் நிற்க வேண்டும். கையில் பிடித்து எடுத்தால் ஆள் ஆடுவார், மலை ஆடாது. குட்டு அங்கேயே வெளிப்படும். அடிவானம் எடுத்தவரின் கண்மட்டத்தில் இருக்கட்டும். மலையில் வெயில் இடப்பக்கமிருந்து அடித்தால் ஆள்மேலும் இடப்பக்கமிருந்து அடிக்க வேண்டும். சுவிட்சர்லாந்து படங்கள் எல்லாமே பளீரென்ற வெயிலில் எடுத்தவை, நம் ஆளோ மூடுபனி வெளிச்சத்தில் நிற்கிறார். இந்த இரண்டும் எந்தக் காலத்திலும் ஒட்டாது. ஒட்டுவது எது தெரியுமா? அதே நாளில், அதே வெளிச்சத்தில் நீங்கள் எடுத்த ரொசல்லைப் பக்கத்து மலை. கல்பொடைக்கும் ரொசல்லைக்கும் நடுவே வட்டவளையைக் கடக்கும் ரயிலை ஸ்டாண்டில் வைத்து அரை நிமிடம் எடுத்துவைத்துக்கொண்டால், அது மாப்பிள்ளை வீட்டையும் மசியவைக்கும்.

பெயரும் உறவும்

என்னைக் கேட்டால் நம் வீட்டு வீடியோக்களில் உண்மையிலேயே அவசியமான மேலடுக்கு எழுத்துதான். 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அண்ணன் கூடலூரில், தம்பி வட்டவளையில் என்று பிரிந்த குடும்பங்களில் இன்று மூன்றாவது தலைமுறை ஒன்றையொன்று ஃபோனில்தான் பார்க்கிறது. முகம் தெரியும், யார் என்று தெரியாது. 'சின்னத்தாயி பாட்டியின் மூத்த மகன் வழிப் பேத்தி' என்று இரண்டு நொடி ஓரத்தில் வந்துபோனால் ரோஜா இதழ் ஆயிரம் கொட்டியதைவிடப் பயன். வெறும் பெயரை எழுதாமல் உறவையும் எழுதுங்கள்.

தமிழெழுத்துக்கு இரண்டு எச்சரிக்கை. பழைய ஸ்டூடியோ கணினிகளில் பாமினி எழுத்துருவில் அடித்துவைத்ததை அப்படியே ஆப்பில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வரும், யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், காட்டமரன், பாலூ தம்பி எல்லாம் இலவச யூனிகோடு எழுத்துருக்கள். பாலூ தம்பி குழந்தையின் பிறந்தநாளுக்கு நன்றாக இருக்கும், கருமாதி வீடியோவுக்கு வேண்டாம். அடுத்தது, தட்டச்சுபோல எழுத்தெழுத்தாகத் தோன்றும் அனிமேஷன். பல ஆப்கள் 'கொ'வை ஒரே எழுத்தாகப் பார்க்காமல் ககரம் ஒன்று, கொம்பும் காலும் ஒன்று என்று உடைத்துக் காட்டும். 'கொழுந்து' திரையில் உருவாகும்போது நடுவில் புள்ளிவட்டம் முளைக்கும். எழுத்து அனிமேஷனைத் தவிர்த்து, சொல் சொல்லாகவோ வரி முழுதாகவோ மெல்லத் தோன்றும்படி வையுங்கள். எழுத்தின் பின்னால் பாதி தெரியும் கறுப்புப் பட்டை ஒன்று இருந்தால் மூடுபனி வெள்ளையிலும் வாசிக்கலாம். நீங்கள் வாய்விட்டு இரண்டு தரம் வாசித்து முடிக்கும்வரை எழுத்து திரையில் நிற்கட்டும். பார்ப்பவர்களில் வயதானவர்கள்தான் அதிகம்.

அனுப்புவது

எல்லாம் முடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து வந்தால், அதற்கும் காரணம் பெரும்பாலும் மேலடுக்குதான். வீடியோக் கோப்பு ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை, முந்தியதிலிருந்து எது மாறியதோ அதைத்தான் எழுதிவைக்கும். அசையாத சுவருக்குச் செலவே இல்லை. திரை முழுக்க இதழோ பனியோ விழுந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாம் மாறுகிறது. வாட்ஸ்அப் ஒதுக்கும் கொஞ்ச இடத்தை அந்த இதழ்களே தின்றுவிடும், முகத்துக்கு மிஞ்சாது. துகள் எஃபெக்டுகளை ஓரிரு இடத்தோடு நிறுத்துவதற்கு அழகைவிட இது பெரிய காரணம்.

தரம் குறையாமல் போக வேண்டுமென்றால் வீடியோவாக அனுப்பாமல் டொகுமென்ட்டாக அனுப்புங்கள். 2 ஜிபிவரை போகும். நொடிக்கு 8 மெகாபிட் என்ற அளவில் மூன்று நிமிட வீடியோ சுமார் 180 எம்பி வரும். இரவு டேட்டாவில் ஏற்றிவிடலாம். பெண்பிள்ளைகளின் சடங்கு வீடியோவை மட்டும் யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு நேரே அனுப்புங்கள், முகநூலில் போட வேண்டாம். பிள்ளை வளர்ந்த பிறகு என்ன நினைப்பாள் என்பது நமக்குத் தெரியாது.

மேலடுக்கு வைத்த பிரதியை ஒரு பெயரிலும், எதுவும் வைக்காத மூலத்தை இன்னொரு பெயரிலும் சேமித்து, மூலத்தை ஃபோனில் மட்டும் வைக்காமல் பென்டிரைவ் ஒன்றிலும் ஏற்றுங்கள். கோப்பின் பெயரில் தோட்டம், டிவிஷன், ஆண்டு மூன்றும் இருக்கட்டும்: 'வட்டவளை – மேற்பிரிவு – காமன் – 2025 – மூலம்' என்பதுபோல. பென்டிரைவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி டப்பாவில் போட்டு வைக்க வேண்டும், ஈரம் முதலில் அரிப்பது அதன் உலோக முனையைத்தான்.